தத்துப் போனவர்கள் கூடும் இடத்துக்கு வாருங்கள்: தென்கொரிய அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தென்கொரியச் சுகாதார, நலத்துறை அமைச்சகத்தாருக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்காக வந்து, படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை கிடைத்து, சியோலில் குடியிருப்பவள் நான். ஓய்வு நாட்களில் மொழிபெயர்ப்புக்குப் போவேன். சம்பளம் எதுவும் கிடையாது. குழந்தையாக இருந்தபோது வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு, நாற்பது ஐம்பது வயதில் பெற்றவர்களைத் தேடி வருகிறவர்களோடு காவல் நிலையத்துக்கும் வட்டார அலுவலகத்துக்கும் பழைய சந்தைகளுக்கும் கூடப் போகிற வேலை அது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கொரிய மொழி வராது. டேனிஷ் பேசுவார்கள், பிரெஞ்சு பேசுவார்கள், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஆங்கிலம் பேசுவார்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களிடம் கொரிய மொழியில் ஏதோ கேட்பார். பதிலை நான் சொல்வேன். அந்த நேரத்தில் அவர்கள் தலை குனிவார்கள். இதற்கு அவர்கள் எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வரும்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். 2025 அக்டோபர் 2 அன்று உங்கள் அதிபர் லீ ஜே-மியுங் வெளிநாட்டுக்குத் தத்துப் போனவர்களிடமும் அவர்களுடைய குடும்பங்களிடமும் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு தானாக வரவில்லை. தத்துப் போனவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, கூடிப் பேசி, தங்கள் காகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்து, உங்கள் கதவைத் தட்டித் தட்டி வாங்கியது அது. ஆகவே இனி நீங்கள் செய்யப்போகிற எதையும், கோப்புகளைத் திறப்பதானாலும் சட்டம் எழுதுவதானாலும், அவர்கள் கூடுகிற இடத்துக்கு வந்து, அவர்களோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த வரலாற்றையே உங்களிடம் சொல்வது மரியாதையில்லைதான். ஆனால் இந்த மடலைத் தமிழிலும் வெளியிடுகிறேன். தமிழில் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கொரியப் போர் 1953-இல் ஓய்ந்தது. அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்றைய அரசு கண்ட வழி, வெளிநாட்டுக்கு அனுப்புவது. 1955-இல் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் தம்பதியர் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அந்தக் குடும்பத்தின் பெயரில் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு இந்தத் துறையிலேயே பெரிய பெயர் ஆனது. போருக்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நாடும் தலையெடுத்தது, ஆனாலும் அனுப்புவது நிற்கவில்லை. கூடிக்கொண்டே போனது. 1985 என்ற ஒரே வருஷத்தில் மட்டும் 8,837 குழந்தைகள். அதாவது நாளொன்றுக்கு 24 பேர். ஒலிம்பிக் போட்டிக்காக 1988-இல் உலகப் பத்திரிகைகளெல்லாம் சியோலுக்கு வந்தபோதுதான் இது என்ன வியாபாரம் என்ற கேள்வி எழுந்து, எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. மொத்தத்தில் சுமார் 2,00,000 பேர் போயிருக்கிறார்கள். பெரும்பங்கு அமெரிக்காவுக்கு, மற்றவர்கள் ஸ்வீடன், டென்மார்க், நார்வே, பிரான்ஸ், நெதர்லாந்து, பெல்ஜியம், ஆஸ்திரேலியா என்று பல நாடுகளுக்கு.

கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவளுக்கு ஊரில் என்ன பெயர் கிடைக்கும் என்று தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே அதோடு குடும்பப் பதிவேடும் சேர்ந்துகொண்டது. 2008 வரை கொரியாவில் குடும்பம் என்றால் அது ஓர் ஆணின் தலைமையில்தான் பதிவாகும். அப்பன் பெயர் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து எல்லாம் தலைவலி. இன்னொரு பக்கம், தத்து நிறுவனங்களே பேறுகால விடுதிகளை நடத்தின. வயிற்றில் பிள்ளையோடு அங்கே போய்ச் சேர்ந்த தொழிற்சாலைப் பெண்ணிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பிள்ளை வெளிநாட்டில் ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி வளரும் என்றுதான் சொன்னார்கள் என்று என்னிடம் பேசிய தாய்மார்கள் எல்லோருமே சொல்கிறார்கள்.

சரி, போன பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? நல்ல வீடுகளுக்குப் போனவர்கள் நிறையப் பேர். வளர்த்த அப்பா அம்மாவை உயிராக நேசிப்பவர்கள் நிறையப் பேர். அடி வாங்கி வளர்ந்தவர்களும், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றப்பட்டவர்களும் உண்டு. எப்படி வளர்ந்திருந்தாலும் ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது: ஊரிலேயே தன்னைப் போன்ற முகம் வேறு யாருக்கும் இல்லை. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அங்கே வளர்ந்த கொரியத் தத்துப் பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் சிறுவயதில் தங்களை வெள்ளையர் என்றே நினைத்தார்கள் அல்லது வெள்ளையராக இருக்க ஆசைப்பட்டார்கள் என்று சொன்னது. கண்ணாடியைப் பார்ப்பதையே தவிர்த்து வளர்ந்தேன் என்று ஒரு பெண் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இவர்கள் வளர்ந்து ஆளான பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, தங்களைப் போன்றவர்களைத் தேடத் தொடங்கினார்கள். ஸ்வீடனில் 1986-லேயே சங்கம் வைத்தார்கள். 1990-களில் டென்மார்க், நெதர்லாந்து, பிரான்ஸ், நியூயார்க் என்று வரிசையாகச் சங்கங்கள் வந்தன. இணையம் பரவாத காலத்தில் தொலைபேசிப் புத்தகமும் தபாலும்தான் துணை. 1998-இல் தத்துப் போய்த் திரும்பி வந்தவர்களே சியோலில் 'கோல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விசா, மொழி, தேடல் என்று வருகிறவர்களுக்கு அது கைகொடுத்தது. அதே 1998 அக்டோபரில் அதிபர் கிம் டே-ஜுங் எட்டு நாடுகளிலிருந்து 29 பேரை அதிபர் மாளிகையான நீல மாளிகைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டார். உங்கள் நாட்டின் அதிபர் ஒருவர் அவர்களிடம் நேருக்கு நேர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம், 1999 செப்டம்பரில், வாஷிங்டன் நகரில் சுமார் 400 பேர் கூடினார்கள். எல்லோரும் பெரியவர்கள், எல்லோரும் தத்துப் போனவர்கள். வளர்த்த பெற்றோர்களின் மாநாடுகளிலும் சமூகப் பணியாளர்களின் கருத்தரங்குகளிலும் அதுவரை இவர்களைப் பற்றித்தான் மற்றவர்கள் பேசினார்கள். அங்கே இவர்களே பேசினார்கள். 2001-இல் ஓஸ்லோ. 2004-இல் முதன்முறையாகச் சியோல். அந்த வருஷமே பல நாட்டுச் சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகின. 2007-க்குப் பிறகு பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் தலைநகரத்திலேயே கூடுகிறார்கள்.

அந்தக் கூடலுக்குள் போய்ப் பார்த்தால்தான் அது என்ன என்று புரியும். முதல்நாள் வரவேற்புக் கூடத்தில் ஆளுக்கொரு பெயர் அட்டை. அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். வளர்த்தவர்கள் வைத்த பெயர் ஒன்று, கோப்பில் இருக்கும் கொரியப் பெயர் ஒன்று. அந்தக் கொரியப் பெயரும் பல பேருக்குத் தாய் வைத்ததில்லை. அநாதை இல்லத்தில் அன்றைக்குப் பதிவெழுதியவர் வைத்தது. குடும்பப் பெயர் கூட இல்லத் தலைவருடையதாக இருக்கும். பார்த்தவுடன் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் எப்போதும் ஒன்றேதான். எந்த வருஷம் போனாய்? எந்த நிறுவனம்? உன் கோப்பு எண் என்ன? தேடுகிறாயா? 'தேடுகிறாயா' என்றால் எதை என்று யாரும் கேட்பதில்லை. இல்லை, தேடவில்லை என்று சொன்னாலும் ஏன் என்று கேட்பதில்லை. அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளியுலகத்தில் இவர்கள் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சலித்த கேள்விகளிலிருந்து சில நாள் விடுதலை.

இரவில் நடக்கிற இன்னொரு விஷயத்தைச் சொல்கிறேன். அமர்வுகளெல்லாம் முடிந்து, சாப்பாட்டுக் கடையில் இறைச்சி சுடும் அடுப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒருவர் தன் தத்துக் கோப்பை மேசைமேல் விரிப்பார். மார்புக்கு நேரே எண் எழுதிய அட்டையோடு எடுத்த சின்னப் புகைப்படம், தட்டச்சு செய்த ஒன்றிரண்டு தாள்கள், தடுப்பூசிக் குறிப்பு, 'நன்றாகச் சாப்பிடுகிறது, அதிகம் அழுவதில்லை' என்று ஒரு வரி. பக்கத்தில் இருப்பவரும் தன்னுடையதை எடுப்பார். ஒருமுறை டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாளையும் பிரான்சிலிருந்து வந்த ஒருவருடைய தாளையும் நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் வேறு, வருஷம் வேறு. ஆனால் 'காவல் நிலைய வாசலில் கண்டெடுக்கப்பட்டது, பெற்றோர் யாரென்று தெரியவில்லை' என்று தொடங்கும் அந்தப் பத்தி இரண்டிலும் ஒன்றே. காற்புள்ளி கூட மாறவில்லை. நான் ஒன்றைப் படித்து முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கியதும், தவறுதலாக அதே தாளைத் திரும்பப் படிக்கிறேன் என்று நினைத்து அந்தப் பெண் என் கையைத் தொட்டு நிறுத்தினார். இல்லை, இது அவருடையது என்றேன். அப்புறம் அந்த மேசையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

தனியாக இருந்தவரை அந்தப் பத்தி அவருடைய சொந்தக் கதை. என்னை யாரோ வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள் என்ற வலி. அந்த மேசையில் அது சாட்சியாகிவிட்டது. உங்கள் அமைச்சகத்துக்கு நான் புரியவைக்க விரும்புவது இதைத்தான். கூடல் என்றால் ஆறுதல் சொல்லிக்கொள்ளும் இடம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். எந்த அரசும் செய்யாத விசாரணையை அவர்கள் சாப்பாட்டு மேசைகளில் செய்தார்கள்.

2022-இல் டென்மார்க்கில் வளர்ந்தவர்கள் சேர்ந்த ஒரு குழு கடந்தகால மனித உரிமை மீறல்களை விசாரிக்கும் உங்கள் நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் மனுக் கொடுத்தது. பிறகு மற்ற நாடுகளில் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். மனுக்கள் 367 ஆயின. 2025 மார்ச் 26 அன்று ஆணையம் முடிவை அறிவித்தது. பெற்றோர் உயிரோடு இருந்த குழந்தைகளை அநாதை என்று பதிவு செய்தது, ஒரு குழந்தையின் அடையாளத்தில் இன்னொரு குழந்தையை அனுப்பியது, முறையான சம்மதம் வாங்காதது, வெளிநாட்டிலிருந்து எத்தனை கேட்டார்களோ அத்தனை அனுப்பியது, இதையெல்லாம் கண்காணிக்க வேண்டிய அரசு கண்டுகொள்ளாமல் விட்டது. எல்லாம் மனித உரிமை மீறல் என்று உங்கள் ஆணையமே சொன்னது. தத்துப் போனவர்கள் இருபது முப்பது வருஷமாகச் சொல்லிவந்ததற்கு அன்றைக்குத்தான் அரசு முத்திரை விழுந்தது.

ஆனால் அன்று பார்வைக்கு எடுத்துக்கொண்ட 98 மனுக்களில் 56 பேரைத்தான் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்றார்கள். மீதி 42 பேருடைய மனுக்கள் ஆவணம் போதவில்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த மாதமே விசாரணையும் நின்றது. 311 மனுக்கள் தீர்வு காணாமலே ஆணையத்தின் காலம் முடிந்தது.

அந்த 42 பேரைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். காகிதம் பொய் என்று புகார் சொல்பவரிடம், அதை நிரூபிக்கக் காகிதம் கொண்டு வா என்று கேட்பது என்ன நியாயம்? கோப்பை எழுதியது அவர்களில்லை. தொலைத்தது அவர்களில்லை. 'பெற்றோர் தெரியவில்லை' என்று ஒரே வரியில் முடிந்துபோன கோப்பு யாருடையதோ, அவருக்குத்தான் அதிகம் அநியாயம் நடந்திருக்க வாய்ப்பு. அவரையே ஆதாரம் குறைவு என்று வரிசையின் கடைசிக்கு அனுப்பினால், கோப்பை நன்றாக அழித்தவர்களுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு மனுவையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஆதாரம் போதாதுதான். அந்தச் சாப்பாட்டு மேசையில் செய்தது போல அத்தனை கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வருஷம், எந்த நிறுவனம், எந்த எழுத்தர், எந்த வாசகம் என்று வரிசைப்படுத்தினால் ஒன்றில் இல்லாத சாட்சி இன்னொன்றில் இருக்கும். இதை இனி எந்த ஆணையம் தொடர்ந்தாலும் இப்படித்தான் தொடர வேண்டும். எப்படி ஒப்பிடுவது என்று தெரிந்தவர்கள் தத்துப் போனவர்களிடையே இருக்கிறார்கள். வரலாறு, சமூகவியல், சட்டம் படித்தவர்கள். 2007 முதல் தங்கள் கூடலோடு சேர்த்து ஆய்வரங்கமும் நடத்துகிறவர்கள் அவர்கள். அவர்களை மனுதாரர்கள் என்று வாசலில் நிறுத்தாமல் விசாரணைக் குழுவிலேயே உட்கார வையுங்கள்.

2025 ஜூலை 19 முதல் தத்தெடுப்பு முழுவதும் அரசின் பொறுப்புக்கு வந்துவிட்டது. தனியார் நிறுவனங்களிடம் இருந்த பழைய கோப்புகளும் உங்கள் கீழ் இயங்கும் குழந்தை உரிமைகளுக்கான தேசிய மையத்துக்குப் போகின்றன. அதே வருஷம் அக்டோபர் 1 முதல், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை ஒழுங்குபடுத்தும் ஹேக் உடன்படிக்கையும் உங்கள் நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இவை எல்லாம் நல்ல மாற்றங்கள், மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஒரு கதவு இன்னும் பழையபடிதான் இருக்கிறது. ஒருவர் தன் பெற்றோரின் விவரத்தைக் கேட்டால், பெற்றவருக்குக் கடிதம் போகிறது. அவர் சம்மதித்தால் விவரம் கிடைக்கும். மறுத்தாலோ, பதிலே போடாவிட்டாலோ, கிடைக்காது.

அந்தக் கடிதம் போய்ச் சேரும் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கட்டிக்கொண்ட கணவருக்கும் பெற்ற இரண்டு மகன்களுக்கும் முதல் பிள்ளையைப் பற்றித் தெரியாது. அரசு முத்திரை போட்ட உறை வருகிறது. வாங்கியவர் மருமகள். என்ன கடிதம் அத்தை என்று கேட்டதற்கு, ஓய்வூதியக் கணக்கு என்று சொல்லிவிட்டு அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாராம். அதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பதில் எழுதவும் துணிச்சல் வரவில்லை. கணவர் இறந்து, தங்கை மகளிடம் விஷயத்தைச் சொல்லி, அவள் கூட்டிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் டிஎன்ஏ மாதிரி கொடுத்த பிறகுதான் வழி பிறந்தது. தாயும் மகளும் சந்தித்தபோது மொழிபெயர்த்தவள் நான். அந்த அம்மா ஜியொல்லா வட்டாரப் பேச்சில் மூச்சுவிடாமல் பேசினார். பாதி எனக்கே புரியவில்லை. பேசும்போது அவர் பிடித்திருந்தது என் கையை. பதில் என்னிடமிருந்துதான் வரும் என்பதால் அப்படிச் செய்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நான் என் கையை விடுவித்து மகளின் கையை அதில் வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பதில் வராத கடிதத்தை மறுப்பு என்று எழுதிக் கோப்பை மூடும்போது, அரிசி டப்பாக்களில் எத்தனை கடிதங்கள் இருக்கின்றனவோ என்று ஒரு கணம் நினையுங்கள். நேரில் போய், யாருக்கும் தெரியாமல் பேசத் தெரிந்த அனுபவமுள்ள பெண்களை அனுப்புங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுச் சுகாதார நிலையம் வைத்திருக்கிறீர்கள். இரத்த அழுத்தம் பார்க்கப் போகிற பாட்டி, காவல் நிலையப் படி ஏறாமல், அங்கேயே டிஎன்ஏ மாதிரி கொடுத்துவிட்டு வர ஏற்பாடு செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் தூதரகங்களில் மாதிரி கொடுக்க 2020 முதல் வழி செய்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒப்பிட இந்தப் பக்கத்தில் தாய்மார்களின் மாதிரிகள் வேண்டாமா? 1970-களில் பெற்றவர்களில் பலருக்கு இன்று எழுபதுக்கு மேல். அதற்கு முன் பெற்றவர்கள் பலர் இப்போது இல்லை.

தேடி வருகிறவர்களுக்கு நாடு மாறிப்போயிருப்பது இன்னொரு தொல்லை. கோப்பில் இருப்பது பழைய மனை எண் முகவரி. 2014 முதல் நீங்கள் தெருப் பெயர் முகவரிக்கு மாறிவிட்டீர்கள். பழைய எண்ணைப் புதிய முகவரியாக மாற்றிப் போய் நின்றால், கண்டெடுத்ததாகச் சொன்ன காவல் சாவடி இருந்த இடத்தில் இருபது மாடிக் குடியிருப்பு நிற்கும். பிறகு என்ன, துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு முதியோர் மன்றம், தலைமுடி திருத்தும் கடை, அரிசிப் பலகாரக் கடை என்று ஏறி இறங்குகிறோம். நாற்பது வருஷமாக ஒரே தெருவில் முடி வெட்டுகிற பெண்மணிக்கு, எந்த அரசுப் பதிவேட்டையும்விட அதிகம் தெரியும். பல ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் எங்களை உட்கார வைத்து, தொலைபேசியில் நாலு பேரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். உங்கள் மக்கள் நல்லவர்கள். அவர்களுக்கு இருக்கும் அக்கறையை நடைமுறைக்குள் கொண்டுவருவதுதான் பாக்கி.

கூடலுக்கு வர முடியாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானக் கட்டணம், விடுதி, விடுப்பு என்று எல்லாம் கையிலிருந்து போடக்கூடியவர்கள்தான் சியோல் வரை வருகிறார்கள். வசதியில்லாதவர்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், குடியுரிமையே இல்லாதவர்கள் வருவதில்லை. ஆமாம், குடியுரிமை இல்லாதவர்கள். அமெரிக்கக் குடும்பம் தத்தெடுத்தும், வளர்த்தவர்கள் விண்ணப்பம் போடாததால் அமெரிக்கக் குடிமக்கள் ஆகாமலே வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2000-இல் வந்த அமெரிக்கச் சட்டம், 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயதைக் கடந்திருந்தவர்களை வெளியே விட்டுவிட்டது. ஏதாவது குற்றத்தில் தண்டனை பெற்றால் அவர்களை நாடு கடத்தி இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். மொழி தெரியாது, ஆள் தெரியாது. அப்படி வந்து சேர்ந்த ஒருவர் 2017-இல் சியோலுக்குப் பக்கத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை அனுப்பி வைத்தது இந்த நாடு. திரும்பி வந்தபோது ஏற்றுக்கொள்ள ஒரு கை கூட இல்லை. அனுப்பிய ஒவ்வொரு பிள்ளையும் அந்த நாட்டின் குடிமகன் ஆனானா என்று பார்ப்பது அனுப்பியவரின் கடமை இல்லையா? இன்றைக்கும் அமெரிக்காவிடம் இதை அழுத்திக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். நாடு கடத்தப்பட்டு வருகிறவர்களை விமான நிலையத்திலேயே வரவேற்க ஆள் போடுங்கள். தங்க இடமும் மொழி வகுப்பும் கொடுங்கள்.

அரசு உதவியோடு நடக்கும் நிகழ்ச்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாரம்பரிய உடை உடுத்திப் படம் எடுப்பது, கிம்ச்சி செய்யக் கற்றுக்கொடுப்பது, அரண்மனையைச் சுற்றிக் காட்டுவது. பல பேருக்கு அது பிடிக்கிறது. ஆசையோடு உடுத்திக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிகழ்ச்சியில் அரசு சார்பில் வந்த ஒருவர், நீங்கள் எல்லோரும் கொரியாவுக்கும் உலகுக்கும் நடுவே தூதுவர்கள் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு, கேள்வி நேரம் தொடங்கும் முன் கிளம்பிவிட்டார். எந்தத் துறை, யார் என்பதெல்லாம் வேண்டாம். கையில் கோப்போடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், எழுதி வைத்திருந்த கேள்வியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். 1950-களில் போனவர் அவர். அடுத்த கூடலுக்கு அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. தூதுவராக இருக்க அவர் எப்போது சம்மதித்தார்? இந்த நாட்டிலிருந்து அவர் கேட்டது தன் தாயின் பெயரை.

இந்த மடலைத் தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் சொல்வதாக இருந்தேன். எங்கள் பக்கத்திலும் இது நடந்தது. 1970-களிலும் 80-களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பெற்றவள் என்று வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திக் கையெழுத்து வாங்கியதெல்லாம் பிற்பாடு வெளிவந்தது. சென்னைத் தெருவில் திருடிய குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்தாக அனுப்பிய வழக்கும் எங்களுக்குத் தெரியும். இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2021-இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது. எங்கள் பக்கத்திலிருந்து போன அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள். சங்கம் வைப்பது, மாதிரி கொடுப்பது, கோப்புக் கேட்பது என்று எல்லாவற்றிலும் அவர்களுக்கு முன்னே நடந்து காட்டியவர்கள் கொரியாவிலிருந்து போனவர்கள்தான். உங்கள் அரசு எப்படி நடந்துகொள்கிறது என்பதை கொழும்பும் சென்னையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த கூடலுக்கு வாருங்கள். மேடையில் பேச ஆள் வேண்டாம். கூடத்தின் ஒரு பக்கத்தில் நாலு மேசை போட்டு, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களை அங்கே உட்கார வையுங்கள். கோப்பை வாங்கிப் பார்த்து, என்ன இருக்கிறது, என்ன காணவில்லை, எங்கே தேடலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். கூடலை நடத்தும் சங்கங்களுக்குப் பணம் கொடுங்கள்; ஆனால் நிகழ்ச்சி நிரலை அவர்களே போடட்டும். வர வசதியில்லாதவர்களின் பயணச் செலவு அதில் முதல் கணக்காக இருக்கட்டும். பெற்ற தாய்மார்கள் வர விரும்பினால், புகைப்படக் கருவிகள் இல்லாத ஓர் அறை அவர்களுக்கென்று இருக்கட்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தீர்வு காணாமல் நிற்கும் அந்த 311 பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். உங்கள் மனு இன்று இந்த நிலையில் இருக்கிறது, இனி இதைப் பார்க்கப்போவது இன்னார், இந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று, அவரவர் படிக்கும் மொழியில். எனக்குப் பதில் போட வேண்டாம். டேனிஷ், டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மொழிபெயர்க்க ஆள் போதவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். எங்கள் குழுவில் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு என்றில்லை, எந்த நாளானாலும் வருகிறோம்.

மரியாதையுடன்,
சியோலில் வசிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி